பச்சை கேட்

"அண்ணி, வீட்டையே புதுசா மாத்திட்டு இந்த கேட்டை மட்டும் எதுக்கு இப்படியே விட்டு வெச்சிருக்கீங்க?"

ஊரிலிருந்து வந்து இறங்கிய நாத்தனார், செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்ட முதல் கேள்வி அது.

கேள்வியில் நியாயம் இருந்தது. சுவரெல்லாம் வெண்ணெய் நிறத்தில் புதுப் பெயிண்ட். சமையலறையில் முகம் பார்த்துத் தலை வாரலாம், டைல்ஸ் அப்படி மின்னியது. இத்தனைக்கும் முன்னால் உரிந்து, துருப்பிடித்து, கிளிப்பச்சையில் ஒரு பழைய கேட். கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு ரப்பர் செருப்பு மாட்டின மாதிரி இருந்தது.

"அது கிடக்கட்டும்மா. உள்ள வா, முகம் கழுவு" என்று அண்ணி பேச்சை மாற்றினாள்.

நாத்தனாருக்கு மனசு ஆறவில்லை. அப்பாவும் அம்மாவும் பட்டறையில் பக்கத்திலேயே நின்று செய்ய வைத்த கேட் அது. அதில் ஏறி ஊஞ்சலாடி அவளும் அண்ணனும் வாங்கின திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அம்மா இருந்திருந்தால் இப்படி விட்டிருப்பாளா? அண்ணிக்குத் தன் சமையலறை பளபளத்தால் போதும் போலிருக்கிறது!

மறுநாள் காலையில் அப்பா ஓடக் கிளம்பினார். எழுபதைத் தாண்டியவர். அம்மா போன பிறகு பிடித்துக்கொண்ட பழக்கம். ஓட்டம் என்று அவர்தான் சொல்வார். பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் அவசரமான நடை.

அவர் தெரு திரும்பியதுதான் தாமதம், அவள் பெயிண்டர் விட்டுப்போன சாம்பல் நிறப் பெயிண்ட் டின்னை மாடிப்படிக்கு அடியிலிருந்து இழுத்து வந்து, மூடியை நெம்பித் திறந்து, பிரஷ்ஷை முக்கினாள்.

அண்ணி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா! கெஞ்சிக் கேக்கறேன், கேட்டுல கை வைக்காதே."

"ஏன்? எங்கப்பா போட்ட கேட்டுன்னா உங்களுக்கு அவ்வளவு இளக்காரமா?"

அண்ணி தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"டைல்ஸ் இறக்கறதுக்காக இந்த கேட்டைக் கழற்றி உள்ள சாத்தி வெச்சிருந்தாங்க. சுவருக்கும் அப்பதான் பெயிண்ட் அடிச்சிருந்தது. அன்னிக்கு மாமா ஓடிட்டு வந்தாரு, நான் மாடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன். நம்ம வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காம தாண்டிப் போயிட்டாரு! கத்திக் கூப்பிட்டேன், காதுல விழலை. தெருக்கோடியில நின்னு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கறாரு. பதறி இறங்கி ஓடி, 'நம்ம வீடு அங்க இருக்கு மாமா'ன்னு கையோட கூட்டிட்டு வந்தேன்."

நாத்தனார் கையிலிருந்த பிரஷ் தன்பாட்டுக்குத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"வீடு அவருக்கு அடையாளம் தெரியலைம்மா. அன்னிக்கே கேட்டைத் திரும்ப மாட்டச் சொல்லிட்டேன்."

"அதே பச்சையைப் புதுசா அடிச்சிருக்கலாமே?"

"உரிஞ்சது, துரு, எல்லாம் சேர்ந்துதான் அவருக்கு அடையாளமோ என்னமோ? சோதிச்சுப் பார்க்க எனக்கு தைரியம் வரலை. உங்கண்ணன்கிட்டயும் மூச்சு விடலை. தெரிஞ்சா அவர் மாமாவை ஓடவே விடமாட்டாரு. மாமாவுக்கு இருக்கற சந்தோஷமே அது ஒண்ணுதான். அதான் அவர் வர்ற நேரத்துக்கு நானே வாசல்ல வந்து நின்னுக்கறேன்."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இளக்காரம் என்று சொன்ன வாயைத் தைத்துவிடலாம் போல இருந்தது. "மன்னிச்சுடுங்க அண்ணி" என்றவள், அதற்கு மேல் நிற்க முடியாமல் அப்பா போன திசையில் ஓடினாள்.

பூங்காவைத் தாண்டித்தான் அவரைப் பிடிக்க முடிந்தது.

"என்னம்மா, தீயணைக்கப் போற மாதிரி வர்றே?"

"சும்மாதாம்பா... உங்ககூட ஓடலாம்னு" என்றாள், மூச்சு வாங்க.

இருவரும் சேர்ந்து திரும்பினார்கள். தெருமுனைக்கு வந்ததும் அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, அதோ பச்சையா ஒரு கேட் தெரியுது பாருங்க. அதான் நம்ம வீடு."

அப்பா சட்டென்று நின்றுவிட்டார்.

"ஏன், நான் கட்டின வீடு எனக்குத் தெரியாதா?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரித்தார். "ஓகோ, உங்கண்ணி உன்கிட்ட சொல்லிட்டாளா?"

"அப்போ, அன்னிக்கு வீட்டைத் தாண்டிப் போனீங்களே?"

"கோடி வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் எனக்கு முன்னால ஓடிக்கிட்டிருந்தாரும்மா. அவர் நிக்காம நான் நிக்கறதா? கௌரவப் பிரச்சினை! அவர் வீட்டுக்குள்ள போயிட்டாரா, வேற யாராவது பார்க்கறாங்களான்னு ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் மூச்சே வாங்கினேன்."

"நல்ல ஆளுப்பா நீங்க! அண்ணி எப்படிப் பயந்து போயிருக்காங்க தெரியுமா? பாவம் இல்லையா அவங்க?"

"பாவம்தான்" என்றார் அப்பா. சிரிப்பு அடங்கியிருந்தது. "மறுநாளே சொல்லிடணும்னுதான் வந்தேன். வந்து பார்த்தா, கையில தண்ணியோட கேட்டுக்கிட்ட நிக்கறா. உங்கம்மா போனதுக்கப்புறம், நான் வர்ற வழியைப் பார்த்து ஒருத்தர் வாசல்ல நின்னது அன்னிக்குத்தான். சொல்ல வாய் வரலை."

தூரத்தில் அண்ணி இவர்களைப் பார்த்துவிட்டாள். தண்ணீர்ச் செம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை உயர்த்தி ஆட்டினாள். அப்பாவும் கையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே மகள் பக்கம் குனிந்தார்.

"கேட்டுக்கு நீங்க எந்தக் கலர் வேணா அடிச்சுக்கோங்க. எனக்கு வீடு தெரியும்ங்கறதை மட்டும் அவகிட்ட சொல்லிடாதே."