தாலிக்குப் பக்கத்தில் தொங்கிய ஊக்கு

வடிவின் கழுத்துச் சங்கிலியில் தாலியோடு ஓர் ஊக்கும் தொங்கியது.

"தள்ளித் தொங்கு. இரும்புக்கு என் பக்கத்தில் என்ன வேலை?" என்றது தாலி.

"நானும் நட்சத்திரத்தில் பிறந்ததுதானே!" என்றது ஊக்கு.

"நீ எந்தப் பெரிய நட்சத்திரத்திலும் வெந்து வருகிற சரக்கு. தங்கம் அப்படியா? செத்து இறுகிப்போன இரண்டு நட்சத்திரங்கள் கோடிக்கணக்கான வருஷம் ஒன்றையொன்று சுற்றின. கிட்டே வர வர வேகம் கூடி, கடைசியில் மோதின பார், அப்போது பிறந்தேன் நான்!"

"அந்த இரண்டும் என்ன ஆயின?"

"சிதறியது போக மிச்சம் ஓர் இருட்டுக் குழி."

"இது தெரிந்துதான் உன்னைக் கல்யாணத்துக்குத் தேர்ந்தெடுத்தார்களா?"

தாலி வாயைத் திறப்பதற்குள், பொத்தான் அறுந்த சட்டையோடு வடிவின் கணவன் கத்திக்கொண்டே வந்தான். அவளும் கத்தினாள். இருவரும் கிட்டே கிட்டே வந்தார்கள். சட்டென்று வடிவின் கை கழுத்துக்குப் போனது.

தாலி நடுங்கியது.

அவள் ஊக்கை மட்டும் கழற்றினாள். அவன் சட்டையை இழுத்துச் சேர்த்துக் குத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தாள்.