பூச்செடிக்கு ஒரு கிராப்

படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாருக்குத் திடீரென்று முடி வெட்டிக்கொள்ளும் ஆசை வந்துவிட்டது.

"ஏங்க, செடி வெட்டற கத்தரியை வச்சுட்டு இங்க வாங்க. என் முடியைத் தோள் வரைக்கும் வெட்டிவிடுங்க."

தோட்டத்துக்குக் கிளம்பிய மாமனார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நாற்பது வருஷம் சலூன் நடத்தியவர். குளிர்காலத்தில் பனி கொட்டும் அந்த மலையூரில் பாதித் தலைகள் அவர் கைக்குப் பழக்கம். வீட்டிலிருந்த இந்தத் தலை மட்டும் அகப்பட்டதே இல்லை.

"நுனியைக்கூடத் தொட விடமாட்டியே! இப்ப என்ன?"

"வெட்டுவீங்களா, மாட்டீங்களா?"

மருமகளுக்கு எரிச்சலாக வந்தது. காலையில்தான் அந்த முடியை அரை மணி நேரம் சிக்கெடுத்துப் பின்னிவிட்டிருந்தாள்.

மாமனார் உற்சாகமாகப் பழைய பெட்டியைத் திறந்தார். "உனக்கும் வெட்டிவிடவாம்மா?"

"ஐயோ மாமா, என் முடியில மட்டும் கை வைக்காதீங்க!" இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னலை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.

கை நடுக்கம் வந்துதான் அவர் கடையை மூடினார். ஒரு தடவை கத்தரி பிடித்தால் அந்தக் கை தேற ஒரு வாரம் ஆகும். வெட்டி முடித்ததும் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"செடியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கறேன்" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற ஹைட்ரேஞ்சியா பூச்செடியைத்தான் சொன்னார். மாமியார் ஆசையாக வாங்கி நட்டது. நட்ட மாதமே வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கட்டிலை ஜன்னலோரமாகப் போடச் சொன்னாள்.

"இனி எங்க எழுந்து நடக்கப்போறேன். இது பூக்கறதை ஒரு தடவை பார்த்துட்டா போதும்."

அன்றைக்கு வரிந்துகட்டியவர்தான் மாமனார். வருஷா வருஷம் குளிருக்கு முன்னால் செடிக்கு ஒட்ட ஒரு கிராப் அடித்துவிடுவார்.

"வெட்ட வெட்டத்தான் அடர்த்தியா வரும். தலையானா என்ன, செடியானா என்ன?"

மூன்று வருஷமாக இலைதான் வந்தது. பக்கத்து வீட்டில் இதே செடி. அந்த வீட்டுக்காரர் அதைத் தொட்டதுகூட இல்லை. அங்கே குழந்தையின் தலையளவுக்கு நீல நீலமாகப் பூத்துத் தள்ளியது.

"அது அதிர்ஷ்டம். நம்மது உழைப்பு. இந்தத் தடவை இன்னும் ஒட்ட வெட்டறேன். எப்படிப் பூக்காமப் போகுதுன்னு பார்த்துடறேன்" என்று சூளுரைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் கத்தரியை எடுத்ததும் மாமியார் கூப்பிட்டாள். "ஏங்க, தோள்ல குத்துது. கழுத்து வரைக்கும் ஏத்திடுங்க."

அதற்கடுத்த ஞாயிறு, "காது தெரியணும்."

நாலாவது ஞாயிறு, "ஆம்பளை கிராப்பே அடிச்சுடுங்க!"

"உங்க அம்மாவுக்கு இந்த வயசுல என்ன ஸ்டைல் வேண்டிக் கிடக்கு? அந்த மனுஷனை ஒரு வேலை செய்ய விடமாட்டேங்கறாங்க" என்று மருமகள் புருஷனிடம் பொரிந்து தள்ளினாள்.

அந்த வாரமே பனி கொட்டி, செடி மூடிப்போனது.

"போச்சு! உன் அலங்காரத்துல செடியை வெட்டவே முடியல" என்று மாமனார் அங்கலாய்த்தார். பனி விலகியபோது தளிர் விட்டிருந்தது. தளிர் விட்ட செடியை அவர் தொடமாட்டார்.

கோடையில் அந்தச் செடி பூத்தது. ஒன்று இரண்டல்ல, இருபத்தாறு. மாமியார் படுத்தபடியே இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள்.

மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. "மூணு வருஷம் வெட்டின வெட்டு! இப்பத்தான் வேலை செய்யுது!"

"இல்ல மாமா, போன வருஷம் நீங்க வெட்டவே..."

மாமியார் அவள் கையை நறுக்கென்று கிள்ளினாள். மாமனார் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடப் போனதும் மருமகள் கட்டிலருகே குனிந்தாள்.

"அத்தை! செடியைக் காப்பாத்தவா உங்க முடியைக் கொடுத்தீங்க?"

"நாள் முழுக்க ஜன்னலைத்தானே பார்த்துட்டுக் கிடக்கேன். குளிருக்கு முன்னாடியே நுனியில மொட்டு கட்டிடுது. அதைத்தான் மனுஷன் வருஷா வருஷம் வெட்டிப் போட்டுட்டு இருந்தார்."

"மாமாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"கடையை மூடின அன்னிக்கு அந்தக் கையைப் பார்த்துட்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் தெரியுமா? இந்தக் கை வெட்டினதாலதான் பூக்கலன்னு எப்படிம்மா சொல்வேன்?"

மருமகள் அந்தக் கிராப்புத் தலையை மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

கோடை முடிந்தது. பூக்கள் காய்ந்தன. காற்றில் குளிர் ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் செடி வெட்டும் கத்தரியைத் தீட்டிக்கொண்டு புறப்பட்டார்.

"இந்த வருஷம் விடப்போறதில்ல. ஒட்ட வெட்டி, அடுத்த கோடையில ஐம்பது பூ பார்க்கறேன்!"

மாமியாரின் கை தன் தலைக்குப் போனது. சிக்கெடுக்கும் தொல்லை இல்லையென்று மாதாமாதம் கிராப் அடித்துக்கொண்டதில், அங்கே வெட்டிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

மருமகள் வாசற்படிக்கு நடுவே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பின்னலை அவிழ்த்து முதுகில் பரப்பிவிட்டாள்.

"மாமா, எனக்குத் தோள் வரைக்கும் போதும். மிச்சத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்."