திருத்தியவர் கபாலி

"அந்தப் பையனை குரூப்பை விட்டு எடுத்துடுங்க மிஸ். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஜானகி மிஸ் நிமிர்ந்து பார்த்தார். மூன்றரை மணி பெல் அடித்து பிள்ளைகள் வேனைப் பார்த்து ஓடிவிட்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் மிச்சம் மிஸ், அவருடைய லேப்டாப், மேஜைக்கு முன்னால் வைதேகி, அம்மாவுக்குப் பின்னால் பாதி ஒளிந்தபடி கயல்.

"எந்தப் பையன்மா?"

"கபாலி. கயல் எழுதுறதை எல்லாம் அழிச்சுக்கிட்டே வர்றான்."

விஷயம் இதுதான். ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் இந்தப் பள்ளிக்கூடமும் கிண்டியில் ஒரு பள்ளிக்கூடமும் சேர்ந்து ஆன்லைனில் 'அடையாற்றுப் பறவைகள்' என்று ஒரு ப்ராஜெக்ட் செய்கின்றன. நாலு பிள்ளைகளுக்கு ஒரு பக்கம். அவரவர் இருந்த இடத்திலிருந்தே அதைத் திறந்து எழுதலாம், திருத்தலாம், வேண்டாததை அழிக்கலாம். நாளை வெள்ளிக்கிழமை, கிண்டிப் பிள்ளைகள் எல்லாப் பக்கத்தையும் திறந்து பார்ப்பார்கள். எது நன்றாக இருக்கிறதோ அதை எழுதிய நாலு பேரும் அங்கே போய் மேடையில் வாசிக்கலாம்.

கயலை மேடையில் நிறுத்தி எந்தப் பக்கத்திலிருந்து ஃபோட்டோ எடுப்பது என்பது வரைக்கும் வைதேகி யோசித்து வைத்துவிட்டாள். நடுவில் இப்படி ஒருத்தன்.

"திங்கட்கிழமை எட்டு வரி எழுதினா மிஸ். மறுநாள் எண்ணிப் பாத்தா அஞ்சுதான் இருக்குங்கிறா. செவ்வாய்க்கிழமை திரும்ப எழுதினா, அதுவும் காலையில குறைஞ்சு போச்சு. இன்னிக்கும் கை வச்சிருக்கான். பாருங்க."

செல்போனை நீட்டினாள். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: கடைசியாகத் திருத்தியவர் கபாலி, காலை 8.05. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வைதேகி பார்க்கவில்லை. பேர் தெரிந்தால் போதாதா?

"அவன் வீட்டுல போன் இல்லம்மா. காலையில பெல்லுக்கு முன்னாலயே வந்து லேப்ல உக்காந்து பாப்பான்."

"பாக்கட்டும், யார் வேணாங்கிறா. எதுக்கு அழிக்கணும்? இவ எழுதுறது பொறுக்கல, அவ்வளவுதான்."

மிஸ் வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். கபாலி உள்ளே வந்தான். தோளில் பை. சட்டையில் மேல் பொத்தான் இல்லை.

"கயல் எழுதினதை நீயாடா அழிச்ச?"

"ஆமா மிஸ்."

வைதேகிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பையன் இல்லவே இல்லை என்று சாதிப்பான், ஒரு பிடி பிடிக்கலாம் என்று வந்திருந்தாள்.

"ஏன்டா?"

கபாலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இப்ப வாயைத் தொறக்க மாட்டான் பாருங்க."

"நாமளே பாத்துடலாம்மா," என்றார் மிஸ். "அழிச்சாலும் எங்கயும் போகாது. யார் எதை எப்ப அழிச்சாங்கன்னு தேதியோட எடுத்துக் காட்டும்."

"அப்படியா? அப்ப சத்தமாவே படிங்க மிஸ். அவனும் கேக்கட்டும்."

"வேணாம் மிஸ்," என்றான் கபாலி. "அத்தத் தொறக்காதீங்க. என்னை குரூப்ல இருந்து எடுத்துருங்க."

"பாத்தீங்களா, இப்ப வழிக்கு வருது."

மிஸ் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கயல், நீயே டைப் பண்ணுவியா?"

"இல்ல மிஸ். அம்மா போன்ல மைக்கை அமுக்கிட்டுப் பேசுவேன். அதுவே எழுதிக்கும்."

"நான் சமைச்சுக்கிட்டே பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுப்பேன் மிஸ்," என்றாள் வைதேகி, கொஞ்சம் பெருமையாக.

மிஸ் படிக்க ஆரம்பித்தார்.

"திங்கட்கிழமை. 'நாரை ஒற்றைக் காலில் நிற்கும் மீன் வரும் வரைக்கும் அசையாது சத்தமா சொல்லுடி இந்த ஜானகி மிஸ்ஸுக்கு வேற வேலை இல்ல பாடம் நடத்துன்னா ப்ராஜெக்டைக் குடுத்து பெத்தவங்க உசுரை எடுக்குது.'"

பாடம் வாசிக்கிற அதே குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"நாரையை விட்டுட்டான். மிச்சத்தைத்தான் அழிச்சிருக்கான்."

வைதேகி கயலைப் பார்த்தாள். கயல் மின்விசிறியைப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை. 'மீன்கொத்தி தண்ணீரில் தலைகீழாகப் பாயும் இந்த சாருலதா அம்மா டிபியில வச்சிருக்கிற ஃபோட்டோ பத்து வருஷத்துக்கு முந்தினது நேர்ல பாத்தா மீன்கொத்தியே பயந்து பறந்துடும்.' சாருலதாவும் இதே குரூப்தான். அவங்க அம்மா தினமும் பாக்குறாங்க."

"போதும் மிஸ்," என்றாள் வைதேகி. "நாளைக்கு கிண்டிக்காரங்க வேற பாப்பாங்களே."

"ஆமா. இதெல்லாம் அப்படியே இருந்திருந்தா, கயலே மேடையில வாசிச்சிருப்பா."

மிஸ் திரையில் புதன்கிழமைக்கு நகர்ந்தார். இந்த முறை சத்தமாகப் படிக்கவில்லை. மனசுக்குள் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டு நாள் அழிச்சே, சரி. இன்னிக்குக் காலையில எதையும் அழிக்கல. ஒரே ஒரு வார்த்தையை மட்டும் மாத்தியிருக்கே. இதை ஏன்டா அப்படியே விட்டு வச்சே?"

கபாலி பையின் வாரைச் சரிசெய்தான்.

"அது என்னப் பத்திதானே மிஸ். 'அந்தக் காலிப் பையனோட சேராதே'ன்னு தப்பா வுழுந்திருந்துச்சு. ஆன்ட்டி 'கபாலிப் பையன்'னுதான் சொல்லியிருப்பாங்க, அத்த மட்டும் திருத்தினேன்."