ஆறாவது மாடி ஜன்னல்

"அதோ பாருங்க சார், வந்து உட்கார்ந்துட்டான்! மணி இன்னும் ஏழுகூட ஆகலை!"

வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்த பிரஷ்ஷாலேயே ஜன்னலுக்கு வெளியே சுட்டிக்காட்டினார். எதிர்ப்புறம் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்துக்கு மேல், பனிமூட்டத்தில் பாதி மறைந்து டவர் கிரேன் நின்றது. அதன் கண்ணாடிக் கேபின் இந்த ஆறாவது மாடி ஹாலை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே மஞ்சள் சட்டை பளிச்சென்று தெரிந்தது.

சைட் இன்ஜினீயர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால், மப்ளரைக் கையில் சுருட்டிக்கொண்டு கிரேன் ஆபரேட்டர் நின்றார். கூட வந்திருப்பது யார் என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை. இன்ஜினீயரும் சொல்லவில்லை.

"மூணு மாசமா இதே கூத்துதான். என் பொண்டாட்டி இங்க உட்கார்ந்துதான் காபி குடிப்பா. அவளையே முழுங்கிடற மாதிரி பார்க்கறான். பார்க்கறதோட விட்டானா? கை வேற ஆட்டறான் சார், படுபாவி!"

சொல்லி வாய் மூடவில்லை. கேபினுக்குள் மஞ்சள் கை மெல்ல எழுந்து இரண்டு தரம் ஆடிவிட்டு இறங்கியது.

"பார்த்தீங்களா? பார்த்தீங்களா?" என்று வீட்டுக்காரர் குதித்ததில் பற்பசை நுரை இன்ஜினீயர் சட்டையில் தெறித்தது.

 புகார் நிஜமென்றால் இன்றோடு வேலை போய்விடும் என்று ஆபரேட்டரிடம் கம்பெனியில் நேற்றே சொல்லிவிட்டார்கள். பெண் விஷயத்தில் பேர் கெட்டவனை வேறு எந்தக் கம்பெனி கிரேனில் ஏற்றும்? பதினேழு வருஷ சர்வீஸ், ஒரு செங்கல் தவறி விழுந்ததில்லை. இதெல்லாம் போகட்டும், சேதி கேள்விப்பட்ட மனைவி, "நெருப்பில்லாம புகையுமா?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடியவள்தான். இன்று காலை டீ டம்ளரை அவள் வைத்த வேகத்தில் பாதி டீ மேஜைக்குப் போய்விட்டது.

"ஒரு திரை வாங்கிப் போடலாமே சார்?" என்றார் இன்ஜினீயர், சட்டையைத் துடைத்துக்கொண்டே.

"ரெண்டு தடவை வாங்கி மாட்டினேன். வெளிச்சம் வரலைன்னு இவதான் கழட்டிப் போட்டுட்டா."

வீட்டம்மா சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேஜை அது.

"அவனை இறக்கிக் கூட்டிட்டு வாங்க சார். என் முன்னாடி நிறுத்துங்க. நான் கேக்கறேன் நாலு கேள்வி, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி!"

"கூட்டிட்டு வந்தாச்சு," என்றார் இன்ஜினீயர். "இவர்தான் ஆபரேட்டர்."

வீட்டுக்காரர் ஆபரேட்டரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடியும் ஆபரேட்டரைப் பார்த்தார்.

"அப்ப... அங்க இருக்கறது?"

"அங்க ஆளே இல்லைங்க," என்றார் ஆபரேட்டர். "எனக்கு எட்டு மணிக்குத்தான் வேலை. அது என்னோட ஜாக்கெட்டு. பனிக்காலத்துல சீட்டு ஐஸ்கட்டி மாதிரி ஆயிடும், காலையில உட்கார முடியாது. அதனால சாயங்காலம் சீட்டு மேல ஜாக்கெட்டை மாட்டிட்டு இறங்கிடுவேன். கண்ணாடியில பனி படியக் கூடாதுன்னு பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெப்பேன். அதுவழியா காத்து புகுந்து சட்டைக் கையைத் தூக்குது, அவ்வளவுதாங்க."

"அது சரி, தினமும் என் வீட்டையே பார்த்து நிக்கணும்னு அதுக்கென்ன வேண்டுதலா?"

"வேலை முடிஞ்சதும் கிரேன் சுத்தற பிரேக்கைத் தளர்த்திட்டுத்தாங்க இறங்கணும். இறுக்கிப் பிடிச்சு வெச்சா பெருங்காத்துல கிரேனே சாஞ்சிடும். காத்து தள்ளற பக்கம் அது தானா திரும்பிக்கும். இப்ப அடிக்கறது வாடைக்காத்து. விடிய விடிய உங்க பக்கம்தான் தள்ளும். கோடையில வந்து பாருங்க, உங்களுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கும்."

வீட்டுக்காரர் முகத்தில் அசடு வழிந்தது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்றார் இன்ஜினீயர், யாருக்கோ சொல்வதுபோல.

"மன்னிச்சிடுங்கப்பா. புகாரை இப்பவே வாபஸ் வாங்கிக்கறேன்." வீட்டுக்காரர் ஆபரேட்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மனைவி பக்கம் திரும்பி வாய்விட்டுச் சிரித்தார். "கேட்டியாடி? வெறும் சட்டையாம்! உள்ள ஆளே கிடையாதாம்!"

ஆபரேட்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேலை தப்பியது. வீட்டுக்குப் போய்த் தலைநிமிர்ந்து பேசலாம். அந்தச் சந்தோஷத்தில், கேட்காத வரத்தையும் கொடுத்தார்.

"இன்னையிலேர்ந்து அதை மடிச்சு சீட்டுக்கு அடியில வெச்சிடறேம்மா. நீங்க நிம்மதியா காபி குடிங்க."

வீட்டம்மா துடைப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலருகே வந்தார். பனிக்குள் மஞ்சள் கை மறுபடி எழுந்து ஆடியது. அவர் அதையே பார்த்தபடி, யாரையும் கேட்காததுபோல மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, மூணு மாசமா நான் யாருக்குத் திருப்பிக் கை ஆட்டிட்டிருந்தேன்?"