கப்பல் விட்டுக் கப்பல்

பக்கவாதம் வந்ததிலிருந்து பெனிட்டாவின் வலது கட்டைவிரல் அசையவில்லை. தம்பி ரூபன் பரணிலிருந்து பழைய வீடியோ கேமை இறக்கி டிவியில் மாட்டினான். பள்ளி நாட்களில் இருவரும் பைத்தியமாய்ப் பார்த்த கடற்கொள்ளையன் படங்களை வைத்து வந்த விளையாட்டு அது.

"அக்கா, ஈஸியா வைக்கட்டுமா?"

"எப்பவும் ஆடுறதுலயே வை. என்னை யாருன்னு நெனச்சே?"

இடது கையால் கொள்ளையனை ஓட்டிவந்தாள். கப்பல் விளிம்பிலிருந்து அடுத்த கப்பலுக்குத் தாவ வேண்டும். தாவுவதற்கான பொத்தானை வலது கட்டைவிரலால்தான் அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் அவன் தாவாமலே கடலில் விழுந்தான். ரூபன் உதவக் கை நீட்டினான்.

"தொடாதேடா."

மறுபடி ஓட்டினாள். இம்முறை விரல் லேசாக அழுந்தியது. கொள்ளையன் எம்பினான்; அடுத்த கப்பலை எட்டாமல் தண்ணீரில் விழுந்தான்.

"போச்சேக்கா!"

"விழுந்தா என்ன? குதிச்சான் பாத்தியா?"