மூன்று சீட்டுகள்

திருப்பதியில் நடந்த மார்பகப் புற்றுநோய் முகாமின் வாசலில், 'எல்லா டாக்டர்களும் ஒரே இடத்தில்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். அதைப் படித்ததுமே ஷோபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கட்டி எந்தப் பக்கம்மா?" என்றாள் நர்ஸ்.

"இடது பக்கம் சிஸ்டர். ஆறு மாசமா இருக்குது."

"ஆறு மாசமா! வெக்கப்பட்டுக்கினு வூட்லயே உக்காந்திருந்தியா?"

ஷோபா மூன்று சீட்டுகளை மேஜைமேல் அறைந்து வைத்தாள். "யாரு உக்காந்தது? சித்தூர்ல ஒரு டாக்டர் கொழுப்புன்னாரு. இன்னொருத்தர் சுளுக்குன்னாரு. மூணாவது டாக்டர் வலி மாத்திரை குடுத்து அனுப்பிட்டாரு. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பிரிச்சுக்கூடப் பாக்கல. கடைசியில புத்தூர்ல எலும்புக்குக் கட்டு போடுறவர்தான், 'இது எலும்பு இல்ல, சீக்கிரமா திருப்பதிக்குப் போங்க'ன்னு வெரட்டினாரு."

நர்ஸின் குரல் இறங்கியது. "பின்னால நிக்கிறவரு யாரு?"

"என் வூட்டுக்காரர் ஜாபேஸ். குவைத்ல லாரி ஓட்டிக்கினு இருந்தாரு. இதுக்காகவே வேலையை உட்டுட்டு வந்துட்டாரு."

"நல்ல மனுஷன். ஆனா ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது. அவரு வெளிய நிக்கட்டும், நீ மட்டும் வா."

"நான் மட்டும் வந்து எதைக் காட்டுறது?" ஷோபா கணவனின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "கட்டி இவருக்குத்தான்."

நர்ஸின் பேனா நின்றது. "மார்புல... ஆம்பளைக்கா?"

ஷோபா சீட்டுகளைக் காட்டினாள். "இதையே கேட்டுச் சிரிச்சுத்தான், மூணு பேரும் ஆறு மாசத்தைத் துன்னுட்டாங்க."