குறையில்லாத தோட்டா

சீனுவாசன் திண்டிவனத்திலிருந்து கொண்டுவந்த, சுட்டு முடித்த பிஸ்டல் தோட்டாக் கூடுகளை வீரமுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி மருந்து அடைக்க மயிலம் பக்கம் அவரை விட்டால் ஆளில்லை.

"இது விரிசல்." தூக்கி எறிந்தார். "இது வீங்கியிருக்குது." அதுவும் போனது.

"ஜல்தி பண்ணுங்கண்ணே! காட்டுப்பன்னி கொல்லையில பூந்து மல்லாட்டைப் பயிரைத் தோண்டித் தின்னுக்கினு இருக்குது."

கடைசிக் கூடும் வாசலில் போய் விழுந்தது. சீனுவாசன் ஓடிப்போய் எடுத்துப் பார்த்தான்.

"பித்தளை பளபளன்னு இருக்குது, ஒரு குறையும் இல்லியே! பன்னிக்கு நீங்க என்ன மாமனா, மச்சானா?"

"போன மாசம் நான் அடைச்சதுலயும் குறை இல்ல தம்பி," என்றார் வீரமுத்து. "பன்னின்னு நெனச்சி சுட்டேன். அது வெடிக்காம போயிருந்தா, கொல்லையில குனிஞ்சிருந்த எம்புள்ள எழுந்து வீட்டுக்கு வந்திருப்பான்."